டிரைவர் மாறினால் டிஸ்க் மாறுமா?

ஒரே ஹார்ட் டிஸ்கை இரண்டு டிரைவர்களின் கீழ் ஓட்டி வேகத்தை அளந்தால் இரண்டு எண்கள் வருகின்றன. டிஸ்க் அதேதான், கேபிள் அதேதான், அளக்கும் நிரலும் அதேதான். கணினிக்கும் டிஸ்குக்கும் நடுவே நின்று இரு பக்கமும் பேசும் சிறு நிரல் மட்டும் மாறியிருக்கிறது. அந்த இரண்டு எண்களில் எது டிஸ்கின் வேகம்? இரண்டுமே என்றால், ஒரு பொருளின் ஒரே குணத்துக்கு இரண்டு அளவு இருப்பது எப்படி? இரண்டுமே இல்லையென்றால் அளக்கப்பட்டது எது? பெரிய எண்ணைத் தந்த டிரைவரை வைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவதே தொழில் வழக்கம். அந்த வழக்கத்தில் தவறு பெரும்பாலும் நேர்வதில்லை. நேரும்போது அது பெரிய தவறாக இருக்கிறது.

பொருளை அறிய உதவும் கருவிக்கு, அந்தப் பொருளைப் பற்றிய அறிவில் எவ்வளவு பங்கு என்ற கேள்வியை இந்தியத் தருக்க மரபுகள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் விவாதித்திருக்கின்றன. தமிழில் அந்தத் துறைக்கு அளவை என்று பெயர். மணிமேகலையின் 27-ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளை அடுக்குகிறான். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் இரண்டாம் பகுதியான சுபக்கத்தைத் தொடங்குவதே அளவையில்தான். பலவாகச் சொல்லப்படும் அளவைகள் அங்கே காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கிவிடுகின்றன. டிஸ்க் சோதனை இந்த மூன்றையும் கேட்கிறது. காண்டல் மட்டும் போதும் என்று நினைப்பதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது.

முதலில் டிரைவர் செய்யும் வேலை. இயக்க முறைமை டிஸ்கை நேரடியாகத் தொடுவதில்லை. கண்ட்ரோலர் என்ற சிப்பிடம் சொல்கிறது. கண்ட்ரோலர் டிஸ்கிடம் சொல்கிறது. கண்ட்ரோலருக்குப் புரியும் விதத்தில் கட்டளையை அமைத்துக் கொடுப்பது டிரைவர். பழைய ஐடிஇ முறையில் ஒரு கட்டளை முடிந்த பிறகுதான் அடுத்தது போகும். 2004-இல் இன்டெல் கொண்டுவந்த ஏஎச்சிஐ முறையில் 32 கட்டளைகள் வரை ஒன்றாகக் கொடுத்து வைக்கலாம். அவற்றை எந்த வரிசையில் முடித்தால் படிக்கும் தலை அலைவது குறையும் என்று டிஸ்கே முடிவு செய்துகொள்ளும். என்சிக்யூ என்று சொல்லப்படுவது இதுதான்.

நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிசெகண்ட் எடுக்கிறது. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிசெகண்ட். தலை நகர்ந்து சேர எட்டு ஒன்பது மில்லிசெகண்ட். ஆக, சிதறிக்கிடக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் படித்தால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 80 வாசிப்புகள்தான் முடியும். கட்டளைகளை வரிசைப்படுத்திக்கொள்ள விட்டால் அதே தட்டு, அதே மோட்டார், கணிசமாகக் கூடுதலாகப் படிக்கிறது. பயாஸில் ஐடிஇ என்பதை ஏஎச்சிஐ என்று மாற்றினால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். விண்டோஸ் 7 காலத்தில் டிரைவரைத் தயார் செய்யாமல் இப்படி மாற்றியவர்களுக்கு முதலில் தெரிந்தது நீலத் திரைதான்.

இந்தக் கூடுதல் வேகம் யாருடையது? சைவ சித்தாந்தத்தின் விடை சற்காரியவாதத்திலிருந்து வருகிறது. இல்லாதது தோன்றாது, உள்ளதுதான் வெளிப்படும். ஆணவ மலம் மறைத்திருக்கும் உயிரின் செயலாற்றலைக் கலை என்ற தத்துவம் ஓரளவு விலக்கிக் காட்டுகிறது. ஆற்றலை அது படைப்பதில்லை. ஐடிஇ டிரைவரின் கீழ் அந்த டிஸ்கின் வரிசைப்படுத்தும் திறன் மறைந்து கிடந்தது, ஏஎச்சிஐ அதை வெளிப்படுத்தியது என்று இந்த வழியில் சொல்லலாம். பௌத்தம் இதை ஏற்காது. மணிமேகலை சொல்லும் சார்புகளின் கோட்பாட்டில் தனித்து நிற்கும் குணம் என்று எதுவும் கிடையாது. டிஸ்க், கண்ட்ரோலர், டிரைவர், வேலைச் சுமை என்ற எல்லாம் கூடியபோது தோன்றியதே வேகம். கூட்டம் கலைந்தால் வேகமும் இல்லை.

இரண்டு விடைகளையும் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. என்சிக்யூ அறியாத பழைய டிஸ்க் ஒன்றை அதே ஏஎச்சிஐ டிரைவரின் கீழ் ஓட்டினால் இந்த ஆதாயம் கிடைப்பதில்லை. டிரைவர் இருந்தும் பயனில்லை என்றால் அந்த ஆற்றல் டிஸ்குக்குள் இருக்கும் நிரலான ஃபர்ம்வேரில்தான் இருந்திருக்க வேண்டும். இந்த ஒரு வழக்கில் சித்தாந்தியின் பக்கமே வலுவானது. எல்லா வழக்கிலும் அப்படி இல்லை.

பெங்களூரு பிரேசர் டவுனில், கோல்ஸ் ரோட்டுக் கடைகளுக்கு மேல் மாடியில் இயங்கும் சிறிய ஆடிட்டர் அலுவலகம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொள்ளலாம். பழைய விண்டோஸில் ஓடும் கணக்கு மென்பொருளைப் புதுக் கணினிக்கு மாற்ற வேண்டும். பழைய கணினியை அப்படியே ஒரு மெய்நிகர் கணினியாக்கி விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள் வைப்பது செலவு குறைந்த வழி. வைத்த பிறகு ஐடிஇ கண்ட்ரோலரோடு ஒரு முறை, ஏஎச்சிஐ முறையில் இயங்கும் சாட்டா கண்ட்ரோலரோடு ஒரு முறை டிஸ்க் வேகம் அளக்கப்படுகிறது. சிறிய கோப்பை வைத்துச் செய்யும் இந்தச் சோதனையில் ஐடிஇ பல மடங்கு வேகமாகத் தெரியக்கூடும். மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் இது நேர்மாறு. ஒரு நேரத்தில் ஒரே கட்டளையை ஏற்கும் பழைய முறை எப்படி முந்தியது?

காரணம் கண்ட்ரோலரில் இல்லை. விர்ச்சுவல்பாக்ஸில் புதிதாக ஐடிஇ கண்ட்ரோலர் சேர்த்தால், கீழே உள்ள நிஜக் கணினியின் கேஷை, அதாவது தரவைத் தற்காலிகமாக ராமில் வைத்துக்கொள்ளும் இடத்தை, பயன்படுத்தும் வசதி தானாகவே இயங்கு நிலையில் இருக்கும். சாட்டா, ஸ்கஸி, எஸ்ஏஎஸ் கண்ட்ரோலர்களுக்கு அது தானாகவே அணைந்திருக்கும். ஆகவே ஐடிஇ தந்த எண் டிஸ்கின் எண்ணே அல்ல. நிஜக் கணினியின் ராமிலிருந்து வந்த தரவின் எண் அது. சாட்டா கண்ட்ரோலருக்கும் அதே வசதியை இயக்கிவிட்டு அளந்தால் ஐடிஇயின் முந்துதல் காணாமல் போகிறது.

மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் காஞ்சியில் மணிமேகலைக்குத் தருக்கம் கற்பிக்கும்போது போலிக் காரணங்களை வகைப்படுத்துகிறார். அவற்றில் ஒன்று அநைகாந்திகம்: சாதிக்க வேண்டியது உள்ள இடத்திலும் இருந்து, இல்லாத இடத்திலும் இருக்கும் காரணம். “ஐடிஇ என்பதால் வேகம்” என்ற முடிவில் ஐடிஇ அப்படிப்பட்ட காரணம்தான். கேஷ் இயங்கும் ஐடிஇயும் உண்டு, அணைக்கப்பட்ட ஐடிஇயும் உண்டு. முன்னதில் வேகம், பின்னதில் இல்லை. காரணம் தவறு என்பது இதனால் தெரிந்துவிடுகிறது. ஆனால் சரியான காரணம் எது என்பதை அநைகாந்திகம் என்ற குற்றச்சாட்டு மட்டும் சொல்லித் தருவதில்லை.

அதற்கு நியாய மரபு உபாதி என்ற கருத்தை வைத்திருக்கிறது. அந்த மரபின் பழைய உதாரணம் நெருப்பும் புகையும். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்பது சரி. நெருப்பு உள்ள இடத்தில் புகை உண்டு என்பது தவறு, ஏனெனில் பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை வந்த இடங்களில் எல்லாம் ஈர விறகும் இருந்தது. நெருப்பு இருந்த இடங்களில் எல்லாம் அது இருக்கவில்லை. அந்த ஈர விறகுதான் உபாதி. நையாயிகரான உதயணர் வழிவந்த இலக்கணமும் இதையே கேட்கிறது: சாதிக்கப்படுவது உள்ள இடமெல்லாம் இருக்க வேண்டும், காரணமாகக் காட்டப்பட்டது உள்ள இடமெல்லாம் இருக்கக் கூடாது. ஆடிட்டர் அலுவலகச் சோதனையில் இந்த இலக்கணம் கேஷுக்கு அச்சாகப் பொருந்துகிறது. வேகம் வந்த இடமெல்லாம் கேஷ் இருந்தது; ஐடிஇ இருந்த இடமெல்லாம் கேஷ் இல்லை. 1843-இல் ஜான் ஸ்டூவர்ட் மில் வகுத்த வேறுபாட்டு முறை, ஒன்றைத் தவிர மற்றவற்றை மாறாமல் வைக்கச் சொன்னது. அறிவுரை நல்லதுதான். எது மாறாமல் இருக்கிறது என்று சோதிப்பவர் நம்பிக்கொண்டிருக்கிறாரோ அதுவே மாறிக்கொண்டிருந்தால் அந்த முறை உதவாது. உபாதியைத் தேடும் பழக்கம் உதவும்.

டிஸ்க் சோதனையில் உபாதிகளுக்குப் பஞ்சமே இல்லை. ஹார்ட் டிஸ்கின் வெளி வட்டங்களில் தரவு அதிகம் என்பதால் அங்கே வைத்த கோப்பு வேகமாகப் படிக்கப்படும். உள் வட்டக் கோப்பு மெதுவாக வரும். எஸ்எஸ்டி காலியாக இருக்கும்போது எழுதும் வேகம், நிறைந்த பிறகு இருப்பதில்லை. சூடேறினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தேவைக்கேற்ப வளரும் மெய்நிகர் டிஸ்கில் இதுவரை எதுவும் எழுதாத பகுதியைப் படித்தால் நிஜ டிஸ்கைத் தொடாமலேயே பூஜ்யங்கள் வந்து சேரும். அந்த வேகத்தைப் பார்த்து மகிழ்வது வெறுங்கைக்கு எடை போட்டு மகிழ்வது போலத்தான். ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய ஃபியோ போன்ற கருவிகள் கேஷைத் தாண்டிச் செல்லும் வாசிப்பு, கட்டளை வரிசையின் நீளம், துண்டின் அளவு, ஓடும் நேரம் எல்லாவற்றையும் வெளிப்படையாகக் கேட்பது இதனால்தான். ஆனால் மெய்நிகர் கணினிக்குள் ஓடும் ஃபியோ தன் கணினியின் கேஷைத்தான் தாண்டும். கீழே உள்ள கணினியின் கேஷ் அதன் கைக்கு எட்டாது.

காண்டல் ஏமாற்றும்போது திருத்துவது கருதல். விநாடிக்கு 80 வாசிப்பு என்ற கணக்கு எந்த டிரைவரையும் ஓட்டிப் பார்க்காமல், தட்டின் சுழற்சியிலிருந்தே கிடைத்தது. ஒற்றை ஹார்ட் டிஸ்கில் சிதறிய வாசிப்பு விநாடிக்கு ஐயாயிரம் என்று ஒரு சோதனை சொன்னால், எத்தனை முறை திரும்ப ஓட்டி அதே எண் வந்தாலும் அது டிஸ்கின் எண் அல்ல. அதேபோல, விநாடிக்கு 6 கிகாபிட் என்ற சாட்டா இணைப்பில், எட்டு பிட்டுக்குப் பத்து பிட் அனுப்பும் குறியீட்டு முறையால் 600 மெகாபைட்டுக்கு மேல் போக வழியே இல்லை. சாட்டா எஸ்எஸ்டி 3000 மெகாபைட் காட்டினால் நடுவில் எங்கோ ராம் பேசுகிறது. மீமாம்சகர் அறிவு தானாகவே சரியானது, மறுக்கப்படும் வரை அதை நம்பலாம் என்பார்கள். நையாயிகர் அதன் சரித்தன்மை வெளியிலிருந்து நிறுவப்பட வேண்டும் என்பார்கள். அன்றாட வாழ்வுக்கு மீமாம்சகர் வழி போதும். டிஸ்க் சோதனைக்குப் போதாது.

மூன்றாவது அளவையான உரைதான் இங்கே மிகவும் கனமானது. கணக்கு மென்பொருள் ஒரு ரசீதைச் சேமிக்கும்போது டிஸ்கில் எழுதப்பட்டதா என்று போய்ப் பார்ப்பதில்லை. எழுதியாயிற்று என்று கீழிருந்து ஒரு சொல் வருகிறது. அதை நம்பி அடுத்த ரசீதுக்குப் போகிறது. நியாய பாடியம் எழுதிய வாத்ஸ்யாயனர் நம்பத்தக்கவரை வரையறுக்கும்போது இரண்டு தகுதிகளைக் கேட்கிறார்: பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடியே சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். தன் சொந்த கேஷில் போட்டுவிட்டுத் தட்டில் எழுதும் முன்பே எழுதியாயிற்று என்று சொல்லும் டிஸ்க் இந்த இரண்டாவது தகுதியில் தவறுகிறது. அதனால்தான் ஃபிளஷ் என்ற கட்டளை வைக்கப்பட்டது. கேஷில் உள்ளதைத் தட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகே பதில் சொல் என்பது அதன் பொருள்.

அந்தக் கட்டளை எல்லாப் படிகளையும் தாண்டிக் கீழே போய்ச் சேர்கிறதா என்பது வேறு கேள்வி. மெய்நிகர் கணினிகளை இயக்கும் இன்னொரு மென்பொருளான க்யூஇஎம்யூவில் அன்சேஃப் என்ற கேஷ் முறையைத் தேர்ந்தால் ஃபிளஷ் கட்டளைகள் கண்டுகொள்ளப்படாமல் விடப்படும். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும், வேகப் போட்டியில் முதலிடம் வருவதால் அதைத் தேர்பவர்கள் உண்டு. ரெய்டு கார்டுகளில் பேட்டரியோ அதற்கு ஈடான காப்போ இல்லாமல், டிஸ்கில் எழுதும் முன்பே பதில் சொல்லும் ரைட்-பேக் முறையை இயக்கினாலும் இதே நிலைதான். எண் ஏறும், மின்சாரம் போனால் எழுதியதாகச் சொல்லப்பட்ட கணக்கு இருக்காது.

பிரேசர் டவுனில் மாஸ்க் ரோட்டுக்குப் பெயர் தந்த ஹாஜி சர் இஸ்மாயில் சேட் மசூதியைச் சுற்றி வாழும் மக்களுக்கு இந்தச் சிக்கலின் வடிவம் நன்றாகத் தெரிந்ததுதான். நபிமொழி ஒன்றை ஏற்பதற்கு முன் அதன் வாசகத்தோடு அறிவிப்பாளர் வரிசையும் ஆராயப்படும். யார் யாரிடம் கேட்டார், இருவரும் சந்தித்திருக்க முடியுமா, ஒவ்வொருவரும் நேர்மையும் நினைவாற்றலும் உள்ளவர்தானா என்று பார்ப்பார்கள். 870-இல் மறைந்த இமாம் புகாரி இந்தச் சோதனையில் மிகக் கடுமையானவர் என்று பெயர் பெற்றவர். வரிசையில் ஒருவர் பலவீனமானால் மற்ற அனைவரும் நம்பத்தக்கவராக இருந்தும் அறிவிப்பு பலவீனமாகிவிடும். எழுதியாயிற்று என்ற சொல்லும் ஃபர்ம்வேர், கண்ட்ரோலர், டிரைவர், கோப்பு முறைமை, மென்பொருள் என்ற வரிசையில்தான் மேலே வருகிறது. டிரைவர்களை ஒப்பிடுபவர்கள் பெரும்பாலும் வாசகத்தை மட்டும் பார்க்கிறார்கள், வரிசையைப் பார்ப்பதில்லை. இரண்டு டிரைவர்களில் ஒன்று ஃபிளஷை மதித்து மற்றது மதிக்காமல் விட்டால், அவற்றின் வேகத்தை ஒப்பிடுவதே பிழை. ஒன்று வேலையை முடித்திருக்கிறது; மற்றது முடித்ததாகச் சொல்லியிருக்கிறது.

மெய்நிகர் கணினி இன்னொரு பழைய வாதத்தையும் கிளப்புகிறது. விர்ச்சுவல்பாக்ஸ், க்யூஇஎம்யூ இரண்டும் காட்டும் ஐடிஇ கண்ட்ரோலர் 1990-களில் இன்டெல் செய்த பீக்ஸ் வகைச் சிப்பின் போலி. விஎம்வேர் நீண்ட காலமாகக் காட்டிவருவது எல்எஸ்ஐ லாஜிக் நிறுவனத்தின் ஸ்கஸி கார்டை. அப்படி ஒரு கார்டு அந்தப் பெட்டியில் எங்கும் இல்லை. உள்ளே இருக்கும் விண்டோஸ் அது இருப்பதாக நம்பி, அதன் பதிவேடுகளில் எழுதி, அதன் பதிலுக்காகக் காத்திருக்கிறது. அந்த நாடகத்தை நடத்திக்கொண்டே இருப்பதற்குச் செயலியின் நேரம் செலவாகிறது. ரஸ்டி ரஸ்ஸல் வடிவமைத்த விர்ட்டியோவும் 2009-இல் விஎம்வேர் கொண்டுவந்த பிவிஸ்கஸியும் வேறு வழி பிடித்தன. இவற்றின் டிரைவர்களுக்குத் தாங்கள் மெய்நிகர் கணினிக்குள் இருப்பது தெரியும். இல்லாத சிப்போடு பேசுவது போல நடிக்காமல், கீழே உள்ள கணினியிடம் நினைவகத்தின் வழியே நேராகக் கேட்டுவிடுகின்றன. சுமை கூடும்போது ஆதாயம் பெரிது. மாயையை மாயையென்று அறிந்தவனுக்கே உலகில் வேலை எளிதாகிறது என்று ஓர் அத்வைதி இதைப் பார்த்துச் சிரிக்கலாம்.

ஆனால் அந்தச் சிரிப்பு அதிக தூரம் போகாது. பிவிஸ்கஸி வந்த புதிதில், வேலைச் சுமை குறைவாக இருக்கும் கணினிகளுக்கு எல்எஸ்ஐ லாஜிக்கே ஏற்றது என்று விஎம்வேரே அறிவுரை சொன்னது. பல பதில்களைச் சேர்த்து ஒரே முறையாகத் தெரிவிக்கும் ஏற்பாடு, பதில்கள் அரிதாக வரும் இடத்தில் தாமதமாக மாறியது. தவிர, நிஜம் என்று சொல்லப்படும் கீழ்க் கணினியும் டிஸ்கை உள்ளபடி கண்டதில்லை. ஒரு காலத்தில் பயாஸ் 255 தலைகள் உள்ள டிஸ்க் என்று பதிவு செய்துகொண்டது. பெட்டிக்குள் இருந்தது சில தட்டுகள் மட்டும். எஸ்எஸ்டியில் ஒரு முகவரியில் எழுதியது எந்த ஃபிளாஷ் செல்லில் போய் உட்கார்ந்தது என்பதை ஃபர்ம்வேர் யாருக்கும் சொல்வதில்லை. இடத்தையும் அது அவ்வப்போது மாற்றிக்கொண்டே இருக்கிறது. திரையை விலக்கினால் பின்னால் இன்னொரு திரை. எல்லாத் திரைகளையும் விலக்கிவிட்டுத்தான் டிஸ்கின் வேகத்தைப் பேச வேண்டும் என்றால் பேச்சு தொடங்கவே தொடங்காது. தருக்க நூல்கள் இதை அநவஸ்தை என்று குற்றம் சொல்லி ஒதுக்கும்.

1927-இல் பெர்சி பிரிட்ஜ்மன் என்ற இயற்பியலாளர் இதற்கு ஒரு கறாரான தீர்வு சொன்னார்: ஒரு கருத்தின் பொருள், அதை அளக்கும் செயல்முறைகளே. அந்தக் கணக்கில் ஏஎச்சிஐயின் கீழ் வேகம் என்பதும் ஐடிஇயின் கீழ் வேகம் என்பதும் இரண்டு வெவ்வேறு கருத்துகள். ஒன்றோடு ஒன்று மோதுவதற்கே இடமில்லை. இது சிக்கலைத் தீர்ப்பதைவிடக் கலைத்துவிடுகிறது. இரண்டும் ஒரே டிஸ்கைப் பற்றியவை என்பதால்தானே ஒப்பீட்டுக்கே தேவை வந்தது? சமணத்தின் அநேகாந்தவாதம் இந்த இடத்தில் இன்னும் நிதானமானது. ஒரு நோக்கில் இப்படி, ஒரு நோக்கில் அப்படி என்று அது சொல்லும். ஆனால் நோக்கப்படுவது ஒரே பொருள் என்பதைக் கைவிடாது. சொல்லும் நோக்கைக் குறிக்காத கூற்று அதற்கு முழுமையற்ற கூற்று.

ஆகவே டிஸ்கின் வேகம் என்று சொல்லும்போது எந்த டிரைவர், எந்தப் பதிப்பு, கேஷ் எங்கெங்கே இயங்கியது, வரிசை எவ்வளவு நீளம், துண்டு எவ்வளவு பெரிது, ஃபிளஷ் மதிக்கப்பட்டதா என்பதும் சேர்ந்தே வர வேண்டும். இவை இல்லாத எண்ணை வைத்து டிரைவர்களைத் தரவரிசைப்படுத்த முடியாது. இவை இருந்தாலும் கடைசித் தீர்ப்பு எண்ணிடம் இல்லை. நையாயிகர் அறிவின் சரித்தன்மைக்கு வைத்த சோதனை, அதை நம்பி இறங்கிய செயல் பலித்ததா என்பது: கானல் நீரை நீரென்று கண்டவனின் தாகம் தீர்வதில்லை. கோல்ஸ் ரோட்டு அலுவலகத்துக்கு அந்தச் செயல் இரண்டு. மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கணக்கைத் திறக்கும்போது மென்பொருள் நிற்காமல் ஓட வேண்டும். பதிவு நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டால், திரும்ப ஏற்றியதும் கடைசியாகச் சேமித்த ரசீது அங்கே இருக்க வேண்டும். முதல் செயலைப் பல டிரைவர்கள் நிறைவேற்றும். இரண்டாவதைக் கண்டறிய ஒரே வழி, மாதிரித் தரவை ஓடவிட்டு பிளக்கைப் பிடுங்கிப் பார்ப்பது. நிஜக் கணக்குகளை ஏற்றுவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.